ஜாயின்ட் யார் போட்டது?

குற்றம் என் வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கு வெளிப்புறம் இருந்தது. அதைச் செய்ததும் என் கைதான். கடைசிவரை மறைத்துவைத்து உங்களைத் திடுக்கிட வைக்கும் ஆசை எனக்கில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 34 வருஷம் டெலிபோன் லைன்மேனாக இருந்தவன் நான். ஃபால்ட் பார்ப்பதுதான் பிழைப்பு. கம்பத்தில் ஏறாமலே, வயர் தொங்குகிற தொங்கலைப் பார்த்து எந்த வீட்டில் பேச்சு கரகரக்கும் என்று சொல்வேன், பெரும்பாலும் பலிக்கும். அப்படிப்பட்டவன் தானே முறுக்கிப் போட்ட ஒரு ஜாயின்டை ஆனி முழுக்கவும் ஆடியில் பாதியும் தேடிக்கொண்டிருந்தேன். தினமும் கொடியில் துண்டு காயப்போடுகிற இடத்துக்கு நேர் மேலே அது இருந்தது. ஓய்வு பெற்றபின் ஞாயிற்றுக்கிழமைதோறும் தென்காசிக்குப் பஸ் ஏறிப்போய் சைவ சித்தாந்த வகுப்பில் நான் படித்துக்கொண்டிருந்ததும் இதே விஷயத்தைத்தான் என்பது ரொம்பத் தாமதமாக உறைத்தது.

சுரண்டை, தென்காசிக்குக் கிழக்கே இருக்கும் சந்தை ஊர். கத்தரி, வெண்டை, மிளகாய், சின்ன வெங்காயம் எல்லாம் இங்கே கைமாறி, செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு லாரி ஏறும். 2021-இல் நகராட்சி ஆனோம். திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் முன்பு ரேடியோ கேட்டார்கள், பிறகு டிவி பார்த்தார்கள், இப்போது போனை முறத்து விளிம்பில் சாத்திவைத்து யூடியூப் பார்க்கிறார்கள். குற்றாலத்தில் அருவி விழும் மாதங்களில் எங்களுக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். ஆரியங்காவுக் கணவாயில் புகுந்து, காட்டில் நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு வரும். சில சாயங்காலங்களில் அதோடு கொஞ்சம் சாரலும் சேரும். சட்டை நனையாது, மூக்குக்கண்ணாடி மட்டும் மங்கும். இந்தச் சாரல் என் கதையில் முக்கியமான ஆள்.

எங்கள் தெருவில் டிவிக்கும் நெட்டுக்கும் ஒரே கருப்பு வயர். அடுத்த தெருவரை ஃபைபர் வந்துவிட்டது. எங்களுக்கு "அடுத்த மாசம் அண்ணாச்சி" என்று ஒன்றரை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கோஆக்சியல் வயர் அது. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதன்மேல் மெல்லிய தகட்டுத்தாள், கம்பிப் பின்னல், எல்லாவற்றுக்கும் மேலே கருப்புத் தோல். 1990-களில் இந்த வயர் ஊருக்குள் வந்தபோது அது கொடுப்பதற்கு மட்டுமே. ஆபரேட்டர் அனுப்புவார், வீடு வாங்கிக்கொள்ளும்; வீடு திருப்பிச் சொல்ல எதுவும் கிடையாது. நெட்டு வந்தபிறகுதான் வீடும் பேச வேண்டியதாயிற்று. அதற்காக அதே வயரிலேயே, 5 மெகாஹெர்ட்ஸிலிருந்து சில பத்து மெகாஹெர்ட்ஸ் வரை, திரும்பிப் போக ஓர் ஒற்றையடிப் பாதையை ஒதுக்கினார்கள். அந்த முறையை 1997-இல் அமெரிக்காவில் வகுத்து டாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஒற்றையடிப் பாதையில்தான் நான் முள்ளைப் போட்டேன்.

மார்கழி கடைசி. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் ஏணியைச் சாய்த்தபோது வயர் அறுந்தது. ஆபரேட்டரைக் கூப்பிட்டால் பொங்கல் கழியட்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளையடிப்பவரின் ஏணியிலேயே ஏறி, கம்பியைக் கம்பியோடும் பின்னலைப் பின்னலோடும் முறுக்கி, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். பத்து நிமிஷ வேலை. டெலிபோனில் ஆயிரக்கணக்கில் போட்ட ஜாயின்ட் அது. மனுஷன் பேச 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் போதும்; அதற்கு முறுக்கு ஜாயின்ட் தாராளம். கோஆக்சியலில் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறவே கூடாது. மாறினால் 75 ஓம் என்ற கணக்கு கெடும், சிக்னல் முட்டித் திரும்பும், வெளி இரைச்சல் உள்ளே புகும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்றால், புத்தகத்தில் படித்த மட்டுக்கும் தெரியும். கைக்குத் தெரியவில்லை. கை தன் பழக்கத்தைச் செய்தது. டிவி வந்தது, நெட்டும் வந்தது. மாசியில் வந்தது, பங்குனியில் வந்தது, சித்திரை வெயிலிலும் வந்தது. நான் மறந்துபோனேன்.

ஆனியில் போக ஆரம்பித்தது. நாள் முழுக்கப் போயிருந்தால் ஒரு மணி நேரத்தில் பிடித்திருப்பேன். இது போய்ப் போய் வந்தது. சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு மோடத்தில் விளக்கு மினுங்கும், அணையும். எட்டரைக்கு மேல் ஒன்றும் நடக்காததுபோல எரியும். காலையில் பளிச்சென்று இருக்கும். சில சாயங்காலம் போகவே போகாது.

"நான் விளக்கேத்துத நேரம் பாத்துல்லா போவுது?" என்றாள் என் வீட்டுக்காரி. மோடம் பூஜை அலமாரிக்குக் கீழே இருந்தது. "கண்ணூறுதான். மொளகா சுத்திப் போடட்டுமா?"

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். வடமொழித் தர்க்கத்தில் இதற்குக் காகதாலீயம் என்று பெயரே இருக்கிறது, இரண்டு காரியம் ஒருசேர நடந்ததாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்று வகுப்பில் கேட்டதைப் பாதி அவளிடம் ஒப்பித்தேன். "நாஞ் சொன்னா எப்பம் கேட்டிய" என்று எழுந்து போய்விட்டாள். அவள் சொன்ன காரணம் தப்பு. ஆனால் பொழுதைச் சரியாகக் குறித்துவைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். நானோ எனக்கென்று ஒரு காக்காயை வளர்த்துக்கொண்டிருந்தேன்: தெருமுனை வெல்டிங் பட்டறை. அங்கே பொறி பறக்கும்போதுதான் நெட்டு போகிறது என்று நாலு நாள் பார்த்து முடிவு கட்டினேன். ஐந்தாம் நாள் பட்டறைக்கு லீவு. நெட்டு போயிற்று. அதன்பின் வோல்டேஜைச் சந்தேகப்பட்டு ஸ்டெபிலைசர் வாங்கினேன்.

கேபிள்காரத் தம்பி நாலு தடவை வந்தான். நாலு தடவையும் காலை பதினொரு மணி. நாலு தடவையும் நெட்டு சிட்டாகப் பறந்தது. "நல்லா வருதுல்லா அண்ணாச்சி?" என்பான், நானும் வருகிறது என்பேன், வேறென்ன சொல்ல? புகாரை முடித்துவைத்ததாக எனக்கு மெசேஜ் வரும். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. 198-க்குப் போன் போட்டு மக்கள் கொடுத்த எத்தனையோ புகார்ச் சீட்டுகளில் 'லைன் ஓகே' என்று எழுதிக் கிழித்தவன் நான்.

கடையநல்லூரில் ஓர் அம்மா. கணவர் வளைகுடாவில். வாரம் ஒருநாள் ராத்திரிதான் அவர் பேசுவார். அன்றைக்குப் பார்த்து லைன் செத்துக் கிடக்கும். மூன்று முறை பகலில் போய்ப் பார்த்து, டயல் டோன் இருக்கிறது என்று எழுதிவிட்டு வந்தேன். மூன்றாவது முறை அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது என்னமோ செய்தது. நாலாவது முறை சாயங்காலம் போனேன். வாசலில் பிச்சிப் பந்தல். அவர் கொடிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பந்தல் வழியாகப் போன வயரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் போய்ச் சுவர்ப் பெட்டிக்குள் இறங்கியது. பகலில் காய்ந்துவிடும். வயரைத் தள்ளிக் கட்டிவிட்டு வந்தேன். இந்த ஒரு கேஸை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! சாயங்காலம், தண்ணீர், வயர் என்று மூன்றும் அதிலேயே இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டே இருந்த வாய்க்குச் சொந்தக்காரன் தன் வீட்டு மாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இல்லாமையை எப்படி அறிகிறோம் என்று நம் பழைய தர்க்கக்காரர்கள் பெரிய சண்டையே போட்டிருக்கிறார்கள். தரையில் குடம் இல்லை. இல்லையென்பது எதைக்கொண்டு தெரிந்தது? அபாவம் என்று இதைத் தனி அளவையாகவே, அதாவது அறியும் வழியாகவே, வைத்தவர்கள் உண்டு. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை எண்ணி, எல்லாவற்றையும் காட்சி, அனுமானம், ஆகமம் என்ற மூன்றுக்குள் கொண்டுவந்துவிடுகிறார். எப்படி எண்ணினாலும் ஒரு நிபந்தனை உண்டு. இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்கிற வெளிச்சமும் இடமும் பொழுதும் அமைந்து, அப்போதும் காணவில்லை என்றால்தான் 'இல்லை' என்று சொல்ல உரிமை. இருட்டறையில் எட்டிப் பார்த்துக் குடத்தைக் காணோம் என்பவன் சொல்வது குடத்தைப் பற்றிய செய்தியே இல்லை. காலை பதினொரு மணிக்கு எழுதப்படும் 'லைன் ஓகே'யும் அந்த ரகம்தான். அந்தத் தம்பிக்குப் பதினொரு மணிதான் வேலை நேரம். அதற்கு அவன் என்ன செய்வான் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவே நானே இறங்கினேன். ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது என் தொழில்முறை. வைஃபையை விட்டுவிட்டு லேன் வயரைப் பேத்தியின் லேப்டாப்பில் நேரே செருகினேன். அப்போதும் போயிற்று, ஆக வைஃபை இல்லை. லேப்டாப்பை மாற்றினேன், அதுவும் இல்லை. டிவிக்கும் மோடத்துக்கும் வயரைப் பிரிக்கும் ஸ்பிளிட்டரைக் கழற்றினேன். ஸ்பிளிட்டர் வைத்தாலே சிக்னலில் பாதி போய்விடும். அதுவும் இல்லை. மோடத்து அடாப்டர் புதிதாக வாங்கினேன். இல்லை. மோடத்துக்குள்ளேயே 192.168.100.1 என்று போட்டுப் பார்த்தால் ஒரு கணக்குப் பக்கம் வரும் என்று பேத்தி காட்டிக்கொடுத்தாள். சாயங்காலம் ஆக ஆக மோடம் திருப்பி அனுப்புகிற சக்தி ஏறிக்கொண்டே போனது அதில் தெரிந்தது. எதிரில் இருப்பவருக்குக் காது மந்தம் என்றால் நாம் கத்துவோமே, அதுபோல. கூப்பிடும், பதில் இல்லை. கூப்பிடும், பதில் இல்லை. 16 தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் மோடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கும். மோடத்துக்குத் தொண்டை கெட்டுவிட்டது என்று நான் தீர்மானித்தேன். வேறு மோடம் வந்தது. அதுவும் கத்தியது.

மெய்கண்டார் சிவஞானபோதத்தில் செய்வதும் இதே கழித்தல்தான். 12 சூத்திரத்தில் மூன்றாவது, உயிர் என்று ஒன்று உண்டா என்பதைப் பற்றியது. உடம்பை ஓர் இயந்திரமாகவே வைத்துப் பேசுகிறார். உயிர் என்பது இந்த உடம்பா? 'என் உடம்பு' என்கிறோம், ஆகவே உடையவன் வேறு. ஐந்து பொறிகளா? ஒவ்வொன்றுக்கும் அதனதன் புலன் மட்டுமே தெரியும். ஐந்தையும் சேர்த்து அறிகிறது வேறொன்று. மூச்சா? உறக்கத்திலும் மூச்சு ஓடுகிறது, ஆனால் இன்ப துன்பம் நுகர்வது இல்லை. இப்படித் தள்ளிக்கொண்டே வரும் வாதத்துக்கு அவர் முதலில் வைக்கும் காரணம்தான் வகுப்பில் என்னை உட்காரவைத்தது: இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்று சொல்ல ஒருவன் வேண்டுமே, அவன் யார்? அம்பாசமுத்திரம் பக்கம் விக்கிரமசிங்கபுரத்தில் முக்களாலிங்கராகப் பிறந்து, துறவியாகி, 1785-இல் மறைந்த மாதவச் சிவஞான முனிவர் இந்தச் சின்ன நூலுக்குத்தான் மாபாடியம் என்ற பேருரையை எழுதினார். எங்கள் சீமைக்காரர் என்பதில் எனக்கு ஒரு தனிக் கர்வம்.

நான் வீட்டுக்குள் ஒவ்வொன்றாக இல்லை, இல்லை என்று தள்ளிக்கொண்டு வந்தேன். சுவரில் வயர் நுழையும் ஓட்டையோடு என் பட்டியல் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் சந்தேகமே எழவில்லை. ஏனென்றால் அது நான் போட்டது. இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவனைப் பட்டியலில் சேர்க்கத் தோன்றவில்லை.

உமாபதி சிவம் 14-ஆம் நூற்றாண்டில் எழுதிய திருவருட்பயனில் ஆணவ மலத்துக்கு ஓர் அடையாளம் சொல்கிறார். இருட்டு மற்றப் பொருள்களை மறைக்கும், ஆனால் தான் இருட்டென்று தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. நான் இதைக் கர்வம் பிடித்த பணக்காரர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் சொன்னது என்று நினைத்துத்தான் நோட்டில் எழுதிக்கொண்டேன். கம்பத்திலும் ஏணியிலும் காலம் கழித்த ஒருவனிடம் என்ன ஆணவம் இருக்கப்போகிறது?

எதிர் வீட்டில் ஒரு பிள்ளை டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிறாள். அம்மா பீடி சுற்றுகிறார். சாயங்காலம் ஏழு மணிக்கு ஆன்லைனில் மாதிரித் தேர்வு எழுதுவாள். ஆடி முதல் வாரம் ஒருநாள் பாதித் தேர்வில் நெட்டு போய், எழுதினது அத்தனையும் போய்விட்டது. வாசலில் வந்து நின்றவள், "தாத்தா, ஒங்க வீட்லயும் நெட்டு இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். "இவளுக்கு எதத் தொட்டாலும் இப்படித்தான், இவ வினை" என்றார் அவள் அம்மா. "நேரம் சரியில்லன்னா அப்படித்தான் தாயி, சரியாப் போவும்" என்று நான் ஆறுதல் சொன்னேன்.

அவள் வீட்டிலும் போகிறது என்று கேட்டபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். 'ஆபரேட்டர் பக்கம் கோளாறு' என்று முடித்து, நிம்மதியாக உள்ளே போனேன்.

அந்த வாரமே அவள் ஆபரேட்டர் கடைக்கு நேரில் போய், காலையில் ஆள் அனுப்ப வேண்டாம், சாயங்காலம் அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறாள். 34 வருஷ அனுபவத்துக்குத் தோன்றாதது இருபத்திரண்டு வயதுக்குத் தோன்றியது. தம்பி ஏழு மணிக்கு வந்தான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. தெருக் கம்பத்தில் ஏறி, கையில் ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு, வீடுகளுக்குப் பிரியும் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி மாட்டினான். கீழே நான் குடையோடு நின்றேன். திரும்பிப் போகிற பாதை எல்லா வீட்டிலிருந்தும் வந்து ஒரே வாய்க்காலில் சேருகிறது. பஜனையில் ஒருத்தர் மைக்கில் இருமினால் யார் பாட்டும் கேட்காதது மாதிரி, ஒரு வீட்டில் ஓட்டை இருந்தால் தெருவுக்கே கேடு என்று மேலே இருந்தபடி விளக்கினான். அந்தப் பாதை ஓடும் அலைவரிசை, நான் சின்ன வயதில் இலங்கை வானொலி கேட்ட சிற்றலைகளின் இடம்தான். ஈரமான மோசமான ஜாயின்ட் ஏரியல்போல நின்று, வெல்டிங், மிக்ஸி, மோட்டார் என்று ஊரின் அத்தனை இரைச்சலையும் உள்ளே இழுக்கும். ஆக, வெல்டிங் பட்டறையும் பொய்யில்லை. அது உள்ளே வர நான் கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

ஏழாவது வயரைக் கழற்றினான். மீட்டர் அமைதியானது. மாட்டினான், இரைச்சல். கழற்றினான், அமைதி. இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. அன்வயம், வெதிரேகம் என்று வகுப்பில் இரண்டு வாரம் நடத்தியதை அவன் இரண்டு நிமிஷத்தில் செய்து முடித்தான். டார்ச்சை வயரோடு ஓட்டிக்கொண்டே வந்து என் கைப்பிடிச் சுவருக்குக் கீழே நிறுத்தினான். டேப் பிரிந்து, பின்னல் பச்சை பூத்திருந்தது. நுரைக்குள் தண்ணீர்.

"அண்ணாச்சி, இந்த ஜாயின்ட் யாரு போட்டா?"

"தெரியலியே தம்பி. பெயின்ட் அடிச்சவரு போட்டிருப்பாரு" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது. கனெக்டர் கையில் இல்லை, திங்கட்கிழமை வாரேன் என்று சொல்லி, என் வீட்டு வயரை மட்டும் கம்பத்தில் கழற்றிவிட்டுப் போனான். அன்று ராத்திரி தெரு முழுக்க நெட்டு இருந்தது, எங்கள் வீட்டைத் தவிர.

மூன்று நாள் மோடம் இருட்டாகக் கிடந்தது. அந்த மூன்று நாளும் நான் காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை, சக்தி, சிவன் என்று சித்தாந்தம் இதை வைத்து நடத்தும். என் ஜாயின்டுக்கு? செம்பு முதல், சாரல் துணை, நிமித்தம் நான். அதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் மனசு என்ன செய்தது என்றால், துணையை எடுத்துக் குயவன் இடத்தில் உட்காரவைத்தது. சாரல் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகியிருக்காது. பெயின்ட்காரர் ஏணியை ஒழுங்காகச் சாய்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சக்கரம் சுற்றாவிட்டால் குடமே இல்லை என்று குயவன் சொல்வதுபோல.

வினையைப் பற்றிய கேள்வி அதைவிடக் கடினமாக இருந்தது. மார்கழியில் செய்தது ஆனியில் பலித்தது. நடுவில் செய்தவனே மறந்துபோனான். வினை சடப்பொருள், அதற்குத் தன்னைச் செய்தவனைத் தேடிப் போகத் தெரியாது, இறைவனுடைய ஆணைதான் பலனைக் கொண்டு சேர்க்கிறது என்பது சித்தாந்தம். சரி, என்னிடம் சேர்த்தது, ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் பிள்ளையிடம் ஏன் சேர்த்தது? அவளுடைய பழைய வினைக்கான பலன் உன் வழியாக வந்தது என்பதுதான் எனக்குக் கிடைக்கும் பதில். வகுப்பிலும் கேட்டேன், அதுதான் வந்தது. கணக்கு இடிக்காது என்பது தெரிகிறது. ஆனால் அவள் வினை என் வழியாகப் போனது என்றால் நான் யார், வெறும் வயரா? ஒரே வயரில் இருபத்திச் சொச்சம் வீடு தொங்கும்போது யார் வினை யாருடையது என்று பிரித்துப் பேர் எழுத எந்தக் கம்பத்தில் ஏறுவது?

எனக்கு எட்டிய மட்டும் சொல்கிறேன், பண்டிதர்கள் கோபிக்கலாம். 'இது என் வினை' என்று ஒருவன் தன்னைச் சொல்லிக்கொள்ளும்போது அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது. அவன் நிமிர்ந்து தன் சுவரைப் பார்ப்பான். 'உன் வினை' என்று அதையே எதிர் வீட்டுக்குச் சொல்லும்போது அது இன்சுலேஷன் டேப். எதிர் வீட்டு வாசலில் 'நேரம் சரியில்லை' என்று சொல்லி நான் சுற்றியது அதுதான். அந்த அம்மா தன் மகளைப் பார்த்துச் சொன்னதை மட்டும் என்னால் இதில் சேர்க்க முடியவில்லை. அது வேறு வயிற்றெரிச்சல்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வகுப்பு முடிந்து காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனேன். ஆடிக் காற்று கோபுர வாசலில் ஆளைத் தள்ளியது. அங்கே எப்போதுமே அப்படித்தான். 15-ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் தன் மனசில் இருந்ததைப் பாட்டாகவே கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். நூறு தடவை அந்தச் சேதியைக் கேட்டிருக்கிறேன், ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாதாரணமாகக் கல்வெட்டின் கடைசியில் என்ன இருக்கும்? இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபம் இருக்கும். கேடு செய்கிறவனை இப்போதே கண்டுபிடித்துத் தண்டித்து வைத்துவிடுகிற அவசரம் அது. பாண்டியன் வேறு மாதிரி யோசித்திருக்கிறான். வரக்கூடாத ஒரு குறை இந்தக் கோயிலுக்கு வந்துவிட்டால், அன்றைக்கு வந்து அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர் யாராயிருந்தாலும் சரி, உலகம் அறிய அவரை நான் இப்போதே பணிகிறேன் என்கிறான். குறையை யார் செய்தார் என்ற பேச்சே அதில் இல்லை. கட்டி முடித்த கர்வத்தில் இருக்க வேண்டிய நேரத்தில், இது ஒருநாள் கெடும் என்று எழுதியிருக்கிறான். கெடத்தான் செய்தது, கோபுரம் பிளந்து, தலைமுறை தலைமுறையாக மொட்டைக் கோபுரமாக நின்றதை நானே பார்த்திருக்கிறேன். 1990-இல் ஒன்பது நிலையோடு எழுப்பிக் குடமுழுக்கு நடந்தது. கல்லில் பணிந்து ஐந்து நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த அந்த ராஜாவின் முதுகை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

திங்கட்கிழமை காலை தம்பி வந்தான். கனெக்டர், கிரிம்பிங் டூல், புது வயர் பத்து மீட்டர். முற்றத்தில் ஏணியைச் சாய்த்து, "கொஞ்சம் புடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, காத்தா இருக்கு" என்று ஏறினான். இத்தனை வருஷம் எனக்கு யார் யாரோ ஏணி பிடித்திருக்கிறார்கள்; நான் பிடித்தது குறைவு. அவன் நாலு படி ஏறி நின்றபோது என் முகத்துக்கு நேரே அவன் பாதம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியிருந்தான். குதிகாலில் வெடிப்பு. பெருவிரலில் ஒரு பழைய டேப் சுற்றியிருந்தது.

"தம்பி, அந்த ஜாயின்ட் பெயின்ட்காரரு போட்டது இல்ல" என்றேன். "நான் போட்டது."

அவன் வாயில் கனெக்டரைக் கவ்விக்கொண்டிருந்தான். "ம்" என்றான். பழைய ஜாயின்டை வெட்டிக் கீழே போட்டான். வயர்த் தோலைச் சீவி, கனெக்டரைச் செருகி, டூலை அழுத்தினான். டக்கென்று சத்தம் கேட்டது. அதன்பிறகுதான் வாயைத் திறந்தான்.

"தெரியும் அண்ணாச்சி. பெயின்ட்காரனுக்கு அவ்வளவு அழகா முறுக்க வராது."

எதிர் வீட்டுப் பிள்ளை வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் எங்களை நிமிர்ந்து பார்த்தாள். அவளிடமும் சொல்ல வேண்டியிருந்தது.

"உள்ள போயி லைட்டு எரியுதான்னு பாருங்க" என்றான் மேலிருந்து.

"நீ எறங்கு, பொறவு பாக்கேன்" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.